ஒட்டுறதோ, மாத்துறதோ

தையல் மெசின் எண்ணெயின் மணம் எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்குத் துணி ஞாபகம் வருவதில்லை, சைக்கிள்தான் ஞாபகம் வரும். வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு பெரிய வீட்டின் முதுகோடு ஒட்டிக் கட்டிய "அனெக்ஸில்" நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கடற்காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து யன்னல் கம்பி, கதவுப் பூட்டு, அம்மாவின் கத்தரிக்கோல் என்று இரும்பாகப் பிறந்த எதையும் விட்டுவைக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நடைக்குள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அம்மாவின் மெசின் எண்ணெய்க் குப்பியை அம்மாவைக் கேட்காமலே எடுத்துவந்து, செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடுவார். பெடலைக் கையால் சுற்றும்போது எழும் "சிர்" என்ற ஓசையும், குசினிக்குள் இருந்து "என்ர எண்ணெய் முடியப்போகுது" என்று வரும் அம்மாவின் குரலும்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

செயினில் கோத்திருக்கும் துண்டுகளைச் சைக்கிள் கடைக்காரர்கள் "லிங்க்" என்பார்கள். அப்பா மட்டும் "கண்ணி" என்பார். மருதானையில் ஓர் அச்சகத்தில் எழுத்துப் பிழை திருத்துவது அவருடைய வேலை. கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், செத்தவரின் அந்தியேட்டிக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம் என்று எது அச்சுக்கு வந்தாலும் அப்பாவின் சிவப்பு மையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வேலையின் கெட்ட பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. ஒரு பொருளுக்குத் தமிழில் சொல் இருந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும் என்பார், நாங்கள் சிரித்தால் கோபிக்கமாட்டார், ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். "செயின்" என்ற சொல்லுக்கு மட்டும் அவர் இடம் கொடுத்திருந்தார். சங்கிலி என்று சொன்னால் உன் அம்மாவுக்குப் பவுன் ஞாபகம் வந்துவிடும் என்று எனக்குக் காதுக்குள் சொல்வார், அது அம்மாவுக்கும் கேட்கும்படிதான் சொல்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எந்த முடிவும் இலேசில் எடுக்கப்பட்டதில்லை. குடையின் கம்பி முறிந்தாலும், சுவர் மணிக்கூடு நின்றாலும், என் சப்பாத்தின் அடி கழன்றாலும் முதலில் விவாதம் நடக்கும். அம்மா "மாத்துற கட்சி", அப்பா "ஒட்டுற கட்சி". அப்பா அந்தப் பொருளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அம்மா அவரைப் பார்ப்பார். அப்பா ஒரு நியாயம் சொல்வார், அம்மா அதை அரிவாளில் காய் வெட்டுவதுபோல ஒரே இழுப்பில் வெட்டிப் போடுவார், அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த நியாயத்துக்குப் போவார். அயலில் யாராவது கேட்டிருந்தால் சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கோ அது வானொலி நாடகம். இரண்டு பேரும் அலுக்காமல் கதைத்துக்கொண்டிருக்க நான் பாயில் கிடந்து கேட்டபடியே நித்திரையாகிவிடுவேன்.

அது யுத்த காலம். வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும், அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கக்கூடப் போக முடியாது. அந்த அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்துவிட்டால் அதைப் பார்ப்பவர்கள் இரண்டாம் தரமும் பார்ப்பார்கள். காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி, அட்டையையும் பையையும் பார்த்து, நடக்கவைத்துத் திரும்ப ஏற்றுவார்கள். அப்பா சைக்கிளில் போனது அதற்காகத்தான். ஹவ்லொக் வீதிப் பக்கமாக ஏறி, உள்வீதிகளால் சுற்றி, பொரளையைக் கடந்து மருதானைக்குப் போய்விடுவார். அந்த வழியில் இருந்த காவலர்களுக்கு அவருடைய முகமும் சைக்கிள் மணியும் பழகியிருந்தன. "சைக்கிள்ள போற மனிசனை ஆரும் மறிக்காயினம்" என்று அவர் அடிக்கடி சொல்வார். அம்மாவும் அதை நம்பினார்.

ஒரு பின்னேரம் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பொரளைச் சந்திக்குக் கிட்ட வரும்போது செயின் அறுந்துவிட்டது, அங்கிருந்து முழுத் தூரமும் நடை. சேட்டு முழுக்க வியர்வை, கையில் கறுப்பு எண்ணெய். தண்ணீர் குடித்த கையோடு விவாதம் தொடங்கியது. அறுந்தது ஒரேயொரு கண்ணி, அதைக் கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்து ஆணி அடித்தால் செயின் கொஞ்சம் கட்டையாகும், பின்சில்லைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிப் பூட்டினால் சரி என்றார் அப்பா. ஒட்டின செயின் நடுறோட்டில், அதுவும் காவலரணில் நிற்கிற சென்றிக்காரனுக்கு முன்னால் விட்டால் என்ன செய்வது, புதிதாக ஒன்று வாங்குங்கள் என்றார் அம்மா. புதுச் செயின் தேய்ந்த பல்லில் இருக்காது, வழுக்கும், பிறகு பல்லுச்சில்லையும் மாற்ற வேண்டும் என்று அப்பா. அப்படியென்றால் அதையும் மாற்றுங்கள் என்று அம்மா. கடைசியில் அப்பா வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பைச் சொன்னார்.

"நாளைக்கு பாஸிட்டைக் காட்டிப்போட்டு முடிவெடுப்பம், ஒட்டுறதோ மாத்துறதோ எண்டு."

பாஸ் என்பவர் அச்சகத்துக்குக் கிட்ட, பஞ்சிகாவத்தையில், சைக்கிள் திருத்தும் சிங்களவர். அவ்வளவு தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக முடியாது, ஆகவே செயினை மட்டும் கழற்றி எடுத்துப் போவது என்று முடிவாயிற்று. அடுத்த நாட் காலை அப்பா அதைச் சுருட்டி, தன் சேட்டில் எண்ணெய் படாமல் இருக்க, திருத்தி முடிந்த ஒரு கல்யாணக் கார்டின் பழைய அச்சுத்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அம்மா வாசல் வரைக்கும் போய், "புதுசெண்டு சொன்னா வாங்கிக்கொண்டு வாங்கோ, பிறகும் யோசிக்காதையுங்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு நடந்ததை அதே பஸ்ஸில் போன, எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு ரீச்சர் வந்து சொன்னார். பல வருஷங்களுக்குப் பிறகு அப்பாவும் கொஞ்சம் சொன்னார். பம்பலப்பிட்டி தாண்டியதும் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அப்பாவின் பைக்குள் இருந்து தமிழில் அச்சடித்த, சிவப்பு மையால் அங்குமிங்கும் கோடிழுத்து அடையாளம் போட்ட ஒரு தாள் வந்தது, அதற்குள் இருந்து கறுப்பு இரும்பு வந்தது. என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான் ஒருவன். சைக்கிள் செயின் என்றார் அப்பா. சைக்கிள் எங்கே என்று கேட்டான். வீட்டில் என்றார். சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுச் செயினை மட்டும் பஸ்ஸில் கொண்டுபோகிற ஆளை அவன் அதற்கு முன்பு கண்டிருக்கமாட்டான், அதில் பிழை சொல்லவும் முடியாது. ஏன் கொண்டுபோகிறாய் என்று அவன் திரும்பக் கேட்டபோது அப்பாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. நன்றாகச் சிங்களம் கதைப்பவர்தான். ஆனால் ஒரு துண்டு அறுந்துவிட்டது என்று சொல்ல அந்தத் துண்டுக்குச் சிங்களத்தில் சொல் வரவில்லை. மற்ற எல்லோரும் சொல்வதுபோல "லிங்க்" என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் வாயில் வந்தது "கண்ணி".

பக்கத்தில் நின்ற இன்னொருவன் வடக்கில் வேலை செய்துவிட்டு வந்தவன். அவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். அவற்றில் ஒன்று கண்ணி. நிலத்துக்குள் புதைக்கிற, காலை வைத்தால் வெடிக்கிற கண்ணி. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவனுடைய முகம் மாறியதைத் தான் கண்டதாக ரீச்சர் சொன்னார். பஸ் போய்விட்டது. அப்பா போகவில்லை.

அன்று மத்தியானமே மாமி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்துவிட்டார். மாமி அப்பாவின் அக்கா. அவர்களுடைய தாய், அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டதால், அப்பாவைக் குளிக்கவார்த்து, தலை வாரி இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியது மாமிதான். அப்பா இவ்வளவு வயது வந்த பிறகும் மாமிக்கு முன்னால் காலுக்குமேல் கால் போட்டிருந்து நான் கண்டதில்லை. மாமி இளவயதிலேயே புருஷனை இழந்தவர். புருஷன் வீட்டார் அவரை ஒரு சொல்லால் கூப்பிட்டார்களாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல், முகத்துக்கு நேரே, தாலி அறுத்தவள் என்ற பொருளில் "அறுதலி" என்று. மாமி அதை ஒரு தரம்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு, அவர் இருக்கிற வீட்டில் எதுவும் அறுவதில்லை. நூல் "விட்டுப்போகும்". கொடிக் கயிறு "கழண்டுபோகும்". செருப்பு வார் அறுந்துவிட்டது என்று நான் வாய்தவறிச் சொன்னால் மாமி என் வாயைத் தன் கையால் பொத்துவார். நாங்கள் அதையும் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்பாவைப் பிடித்த நாளிலிருந்து அம்மா காலையில் பொலிஸ் நிலையத்துக்குப் போவார், பின்னேரம் களைத்து வருவார். அங்கே வாங்கில் இருக்கச் சொல்வார்கள், இருப்பார். போகச் சொல்வார்கள், வருவார். நான் மாமியோடு வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப இரண்டு பேருக்கும் பயம். மாமி சமைப்பார், தேவாரம் படிப்பார், ஒவ்வொரு தரமும் நடையைக் கடக்கும்போது செயின் இல்லாமல் சுவரில் சாய்ந்துகிடந்த சைக்கிளைப் பார்ப்பார். பிறகு, "உது உப்பிடி வீட்டுக்க கிடக்கக் கூடாது, பிள்ளை" என்றார். என்ன கூடாது என்று கேட்டேன். அவர் குசினிக்குள் போய்விட்டார். ஆம்பிளை வெளியில், வீட்டுக்குள் அறுந்த பொருள். அந்தச் சொல்லை வாயால் சொல்லாமலே வாழ்ந்தவருக்கு அது நடைக்குள் சாய்ந்துகொண்டு நின்றது. தனக்கு வந்த பெயர் அம்மாவுக்கும் வந்துவிடுமோ என்று அவர் பயந்திருக்கிறார். இது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு நாட் காலை, அம்மா போன பிறகு, மாமி சேலையைச் சரிசெய்துகொண்டு காலி வீதிக்குப் போய், சந்தியில் இருந்த சைக்கிள் கடைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் புதுச் செயின் ஒன்றோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் பூட்டி முடித்துவிட்டார். கொழுப்புப் பூசிய செயின் வெள்ளிபோல மின்னியது. மாமி சைக்கிளின் ஹாண்டிலுக்குத் திருநீறு பூசிச் சந்தனப் பொட்டும் வைத்து, என்னையும் கும்பிடச் சொன்னார். "இனி உன்ர கொப்பர் வந்திடுவார்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அப்பா சொன்னது உண்மைதான், புதுச் செயின் பழைய பல்லில் நின்று நின்று வழுக்கியது.

அதே காலையில், பொலிஸ் நிலையத்தில், ஓர் இன்ஸ்பெக்டர் முதன்முதலாக அம்மாவை உட்காரவைத்துக் கதைத்திருக்கிறார். அம்மாவின் கடைத்தெருச் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று அம்மா பிறகும் சொல்வார். உன் புருஷன் நாளும் பொழுதும் ஒரே கதையைத்தான் சொல்கிறான், வீட்டில் செயின் இல்லாத சைக்கிள் நிற்கிறதாம், போய்ப் பாருங்கள் என்கிறான், அது உண்மையானால் மற்றதும் உண்மையாக இருக்கலாம். பின்னேரம் ஆள் அனுப்புகிறேன், அதுவரைக்கும் யாரும் அந்தச் சைக்கிளைத் தொடக் கூடாது. இவ்வளவுதான் அவர் சொன்னது. அம்மா பஸ்ஸுக்கு நிற்காமல் அந்த வெய்யிலில் நடந்தும் ஓடியும் வந்திருக்கிறார்.

ஒழுங்கையில் வரும்போதே அம்மாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. "மச்சாள், சைக்கிளைப் பாக்க வருகினமாம், விட்டிடுவினம் போல கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே படியேறினார். நடைக்குள் வந்ததும் நின்றார். திருநீறு பூசிய சைக்கிளையும் செயினையும் பார்த்தார். பையைக் கீழே வைத்தார், தரையில் இருந்தார், செயினைக் கழற்றத் தொடங்கினார். எப்படிக் கழற்றுவது என்று அவருக்குத் தெரியாது. மெசினுக்கு வைத்திருந்த சின்ன ஸ்குறூட்றைவரால் குத்தினார், கத்தரிக்கோலால் நெம்பினார், பல்லைக் கடித்துக்கொண்டு கையால் இழுத்தார். மாமிக்கு நடந்தது விளங்கியபோது அவரும் பக்கத்தில் இருந்து இழுத்தார். இரண்டு பேருடைய கையிலும் இரத்தமும் கொழுப்பும். என்னைச் சந்திக்கு ஓடிப்போய்க் கடைக்காரரைக் கூட்டிவரச் சொன்னார்கள். நான் படலையைத் திறக்கவும் பொலிஸ் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

வந்தவர்கள் கண்டது இதுதான்: செயின் உள்ள ஒரு சைக்கிள், அதிலிருந்து செயினைக் கழற்றிக்கொண்டிருக்கிற இரண்டு பெண்கள்.

அம்மா எழுந்து நின்று சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். பழைய செயின் "கெடுனா" என்றார், உடைந்துவிட்டது என்பதற்கு அவருக்குத் தெரிந்த சொல் அது. இது புதிது, இன்று காலைதான் போட்டது என்றார். சரி, ஏன் போட்டீர்கள் என்று கேட்டார் வந்தவர்களில் பெரியவர். புருஷன் பொலிஸில் இருக்கும்போது, சைக்கிள் ஓட ஒருவரும் இல்லாத வீட்டில், ஏன் அவசரமாகப் புதுச் செயின்? அந்தக் கேள்விக்குப் பதில் மாமியிடம்தான் இருந்தது. மாமி சொன்னார். அவ்வளவு நாளும் வாய்க்குள் வராத சொல்லையும் சேர்த்து, அழுதழுது, எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். பெரியவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா மொழிபெயர்க்கத் தொடங்கினார். உடைந்த பொருள் வீட்டில் இருந்தால் கூடாது என்று மாமி நினைத்தார் என்றார். வேறென்ன சொல்ல முடியும். "கெடுனா" என்ற சொல்லில் செயின் உடைந்த செய்தி மட்டும்தான் இருந்தது. தாலி அதில் இல்லை, மாமியை முகத்துக்கு நேரே கூப்பிட்ட பெயர் அதில் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு போய்விட்டார்கள்.

அப்பா அடுத்த கிழமையே தெற்குப் பக்கம் ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்டார், அங்கிருந்து பிறகு மறியல் சிறைக்கு. வக்கீல் வைத்தோம், கோயில்களுக்கு நேர்ந்தோம், மாமி கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். நான் ஒரு வகுப்பு முடித்து அடுத்த வகுப்புக்குப் போனேன். சைக்கிள் நடைக்குள்ளேயே நின்றது. அரைகுறையாகக் கழன்ற செயினை அம்மா முழுக்கக் கழற்றவும் இல்லை, திரும்பப் பூட்டவும் இல்லை. அது அப்படியே தொங்கிக்கொண்டு உப்புக் காற்றில் நிறம் மாறியது. மாமி எங்களோடேயே தங்கிவிட்டார். அம்மாவும் மாமியும் அந்த நாளைப் பற்றிக் கதைத்ததை நான் ஒருநாளும் கேட்கவில்லை. மாமி சாப்பிடாமல் இருந்தால் அம்மா சோற்றைக் கோப்பையில் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பார்.

அப்பா ஒரு மத்தியானம் வந்தார். முன்னறிவித்தல் இல்லை. விட்டுவிட்டார்கள், பஸ் ஏறி வந்துவிட்டார். மெலிந்து, ஒரு பக்கக் காது கேட்காமல், யாரோ கொடுத்த பெரிய சேட்டோடு. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தபோது அவர் என் தலையைத் தடவினார், ஆனால் அவருடைய கண் என்னில் இல்லை, நடைக்குள் போயிற்று. சைக்கிளுக்குக் கிட்டப் போனார். தொங்கிய செயினைத் தூக்கி, துரு ஏறாத உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவங்கள் சொன்னவங்கள்," என்றார். "உன்ர சைக்கிளில செயின் கிடக்கு, நீ பொய் சொல்லுறாய் எண்டு. நான் நம்பேல்லை. அவங்கள்தான் பொய் சொல்லுறாங்கள் எண்டு அடிக்கு அடி சொல்லிக்கொண்டிருந்தனான்." பிறகு திரும்பினார். "ஆர் மாத்தினது?"

மாமி குசினி வாசலில் நின்றார். அவருடைய வாய் திறந்ததை நான் கண்டேன். அதற்கு முதல் அம்மாவின் குரல் வந்தது.

"நான்தான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். என்ன, ஏன் என்று எதுவும் கேட்கவில்லை. "மச்சாள், தேத்தண்ணி வையுங்கோ, களைச்சு வந்திருக்கிறார்" என்று மட்டும் அம்மா சொன்னார். மாமி உள்ளே போனார். அப்பா தேத்தண்ணியைக் குடித்தார், குளித்தார், படுத்தார்.

அதற்குப் பிறகு அப்பா அம்மாவை ஒரு நாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அவர் அம்மாவிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டார். வீட்டில் ஏதாவது உடைந்தால் தானே பார்த்து, தானே முடிவெடுத்து, தானே திருத்திக் கொண்டுவந்து வைப்பார், அல்லது எறிந்துவிடுவார். நான் பாயில் கிடந்து காது கொடுத்துப் பார்ப்பேன், மின்விசிறியின் சத்தம்தான் கேட்கும். சைக்கிளை யாருக்கோ கொடுத்தார், யாருக்கு என்று அம்மாவுக்கே தெரியாது. மாமியோடு மட்டும் பழையபடி கதைப்பார். மாமியின் கையால் சோறு வாங்கித் தின்பார், மாமியின் மடியில் தலை வைத்துக் கேட்காத காதுக்கு எண்ணெய் விடச் சொல்வார். எண்ணெய் விடும்போது மாமி குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு தரமும் சொல்லிவிடுவார் போலத்தான் இருக்கும். அம்மா ஏதாவது ஒரு வேலை சொல்லி அவரை அந்தப் பக்கம் கூப்பிட்டுவிடுவார்.

மாமி கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போய்ச் சில வருஷங்களில் காலமானார். அப்பா சின்னப் பிள்ளைபோல அழுதார். எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்து வந்த பிறகு நான் அம்மாவிடம் கேட்டேன், எனக்கு அப்போது கேட்கிற வயது வந்திருந்தது. இனியாவது அப்பாவிடம் சொல்லுங்கள் என்றேன். அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"மனிசி பிழை விட்டா மனிசன் தாங்குவான்," என்றார். "வளத்த அக்கா விட்ட பிழையை அவர் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

எனக்கு அம்மாவில் கோபம் வந்தது. மாமியிலும் வந்தது, அப்பாவில் இன்னும் கூட வந்தது. ஒரு வீட்டில் இத்தனை நல்லவர்கள் இருந்தால் அந்த வீட்டில் ஒருவரும் நன்றாக இருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கும் அந்த எண்ணம் பெரிதாக மாறவில்லை.

யுத்தம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு அப்பா பொரளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேறமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பின்னேரம், நான் கட்டிலின் ஒரு பக்கமும் அம்மா மற்றப் பக்கமும் இருந்தோம். அப்பா அம்மாவின் கையைத் தேடி எடுத்தார். நான் வளர்ந்த பிறகு அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

"அந்தச் செயின் விசயம்," என்றார். "நான் மனசில வைச்சிருக்கேல்லை. எப்பவோ விட்டிட்டன். நீயும் யோசிக்காதை."

நான் அம்மாவைப் பார்த்தேன். மாமி போய் எத்தனையோ வருஷம், இனி யாருக்கும் நோகாது, சொல்லுங்கள் என்று என் கண் கெஞ்சியிருக்கும். அம்மா அப்பாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். "ஓம்," என்றார். செய்யாத பிழைக்குக் கிடைத்த மன்னிப்பை அந்த ஒரு சொல்லோடு வாங்கிக்கொண்டார். அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடினார். வெளியே வந்து நடைபாதைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நான் அழுதேன், அது அப்பா சாகப்போகிறார் என்பதற்காக மட்டும் அல்ல.

இப்போது அந்த ஒழுங்கைக்குப் போனால் எனக்கு எங்கள் வீடு இருந்த இடமே பிடிபடுவதில்லை. பெரிய வீட்டையும் அனெக்ஸையும் இடித்துத் தொடர்மாடி கட்டிவிட்டார்கள், கடலைப் பார்க்கிற பக்கம் முழுக்கக் கண்ணாடி. பஸ்ஸை யாரும் மறிப்பதில்லை. சந்தியில் சைக்கிள் கடை இல்லை, அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அந்த ரீச்சரும் அவுஸ்திரேலியாவில் காலமாகிவிட்டார் என்று கேள்வி. அன்று நடந்ததைக் கண்ணால் கண்டவர்களில் எஞ்சியிருப்பது அம்மாவும் நானும்தான்.

அம்மா என்னோடு இருக்கிறார். வயது போய்விட்டது, ஞாபகங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுவார், ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு சேலையின் கரையைச் சரியாகச் சொல்வார். போன மாதம், முற்றத்தில் வெய்யில் காய்ந்துகொண்டிருந்தவர், தானாகவே அந்தக் கதையை எடுத்தார். நான் அந்தச் செயினை மாத்தாமல் விட்டிருக்கலாம், அந்த மனிசன் எவ்வளவு அடி வாங்கினது என்றார். நான் திடுக்கிட்டுப்போய், இல்லையம்மா, மாத்தினது மாமியெல்லோ, நீங்கள் பொலிஸுக்குப் போயிருந்தனீங்கள் என்றேன். அம்மா கோபத்தோடு என்னைப் பார்த்தார்.

"செத்துப்போன மனிசியிலை பழி போடாதை," என்றார். "நான்தான் மாத்தினனான். ஏன் மாத்தினனான் எண்டுதான் எனக்கு ஞாபகம் வருகுதில்லை."